முன்பணம் கட்டிவிட்டு தேவ சித்தம் கேட்காதீர்கள்

போன மாதம் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்து கையைப் பிடித்தான்.

"அண்ணே, கனடாவுக்குப் படிக்கப் போகலாம்னு இருக்கேன். தேவ சித்தம் தெரியணும். ஜெபத்துல வெச்சுக்கோங்க."

"காலேஜுக்குப் பணம் கட்டிட்டியா?"

"போன வாரமே கட்டிட்டேன் அண்ணே. ஏழு லட்சம். வீட்டுப் பத்திரத்தை வெச்சு எடுத்தது."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவன்மேல் கோபம் இல்லை. இதே வாசலில், இதே வார்த்தைகளோடு நானும் ஒரு பெரியவரின் கையைப் பிடித்திருக்கிறேன். வாலிபர் கூட்டம் நடத்த ஆரம்பித்து இருபது வருடம் ஆகப்போகிறது. படிப்பு, வேலை, கல்யாணம், வீடு, வெளிநாடு என்று எதைப் பற்றி வந்தாலும் பிள்ளைகள் விழுகிற குழிகள் அதேதான். ஜெபிக்காமல் முடிவெடுக்காதே, பாவமானதைச் செய்துவிட்டு சித்தம் என்று சொல்லாதே என்பதையெல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாக ஜெபிக்கிற பிள்ளைகளே செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாக்குத்தத்த அட்டையை வருடத் திட்டமாக எடுத்துக்கொள்வது

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் இருந்து வசனம் எழுதின ஒரு அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்தால் முகமெல்லாம் மலர்ச்சி. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்ற வரியைப் பார்த்ததும், நாம் எதிர்பார்த்திருக்கிற வேலையும் விசாவும் கையில் வந்துவிட்டது போல நினைத்துக்கொள்கிறோம்.

அதற்கு மேலே இருக்கிற வசனத்தை வாசியுங்கள். பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பிறகு என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அந்தக் கடிதம் கையில் கிடைத்தபோது வாலிபமாய் இருந்தவர்களில்கூட பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அதனால்தான் அதே கடிதம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்கிறது. இதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்குச் சொன்னான். ஜனங்களுக்குப் பிடித்தது அவன் சொன்னதுதான். அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அவன் இறந்துபோனான்.

அட்டை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் எடுக்கிறேன். எடுத்த பிறகு அந்த அதிகாரம் முழுவதையும் உட்கார்ந்து வாசிக்கிறேன்.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பது

வேண்டாம். தினமும் வரிசையாக வாசிக்கிறவர்களுக்கு இதற்கு அவசியமே வராது.

முடிவெடுத்துவிட்டு சித்தம் கேட்பது

இதைப் பற்றிப் பேசினால் இன்றும் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

2010-இல் எனக்கு ஒரு அச்சகம் வைக்க ஆசை வந்தது. ஒரு நண்பர் மூலமாகப் பழைய ஆஃப்செட் மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகை, சபை மலர், பள்ளிக்கூட நோட்டீஸ் என்று வேலைக்குக் குறைவிருக்காது என்று மனம் கணக்குப் போட்டது. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மூன்றாம் நாள் காலை தியானத்தில் ஏசாயா 54 வந்தது. "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு." அழுதுவிட்டேன். எழுந்து வந்து மனைவியிடம், "கர்த்தர் பேசிட்டார்" என்றேன். அவளுடைய 18 பவுன் அந்த வாரமே அடகுக்குப் போனது.

என் மாமனார் அதிகம் பேசாதவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாப்பிள, சிவகாசிக்காரன் குடுக்குற ரேட்டுக்கு நம்மால குடுக்க முடியுமா?"

"மாமா, கர்த்தர் சொல்லிட்டார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அச்சகம் 16 மாதம் ஓடியது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இரவு பகலாக வேலை. மற்ற மாதங்களில் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதுதான் வேலை. பெரிய ஆர்டர் எல்லாம், மாமனார் சொன்னபடியே, சிவகாசிக்குப் போனது. அடகுக் கடையிலிருந்து ஏல நோட்டீஸ் வந்த அன்று மனைவி அதை வாசித்துவிட்டு, மடித்து, அரிசிப் பானைக்கு மேலிருந்த தட்டில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள், குடும்ப ஜெபத்தில் "கர்த்தர் எங்களுக்குக் காட்டினீர்" என்று நான் சொல்லும் இடத்தில் மட்டும் அவள் ஆமென் சொல்லமாட்டாள்.

இரண்டு வருடம் கழித்து வேறு எதற்கோ ஏசாயாவைப் புரட்டியபோது, 54-ஆம் அதிகாரத்தில் ஒரு மஞ்சள் ரசீது இருந்தது. மெஷினுக்கு நான் கொடுத்த 50,000 ரூபாய் முன்பணத்தின் ரசீது. தேதியைப் பார்த்தேன். உபவாசம் ஆரம்பித்ததற்கு முந்தின நாள்.

அதுவரை என் விசுவாசத்துக்கு வந்த சோதனை என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ரசீதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு மூன்று நாள் பட்டினி கிடந்தவனுக்கு, "வேண்டாம்" என்று கர்த்தர் வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்குமா?

எரேமியா 41 முதல் 43 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எருசலேம் விழுந்துவிட்டது. ஆளுநர் கெதலியாவைக் கொன்றுவிட்டார்கள். மிச்சமிருக்கிற ஜனம் யோகனான் தலைமையில் பாபிலோனியருக்குப் பயந்துபோய் எரேமியாவிடம் வந்து, நாங்கள் நடக்க வேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று சத்தியம் செய்கிறார்கள். கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கிறது! ஆனால் 41-ஆம் அதிகாரத்தின் கடைசியில் அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெத்லெகேமுக்குப் பக்கத்தில், எகிப்துக்குப் போகிற வழியில். மூட்டை கட்டிப் புறப்பட்டு, பாதி வழியில் நின்றுகொண்டுதான் சித்தம் கேட்கிறார்கள்.

பத்து நாள் கழித்து பதில் வந்தது. போகாதீர்கள், இங்கேயே இருங்கள் என்று. உடனே அவர்கள் எரேமியாவிடம், நீ பொய் சொல்லுகிறாய், உன் எழுத்தன் பாரூக்குதான் உன்னைத் தூண்டிவிடுகிறான் என்றார்கள். எகிப்துக்கும் போனார்கள், எரேமியாவையும் கூடவே கொண்டுபோனார்கள். அந்த ஜனத்தில் என் முகத்தைப் பார்க்கிறேன். அவர்கள் தேடியது வழியை இல்லை, எடுத்த முடிவுக்கு ஒரு முத்திரையை.

இதில் பணம் போவதுகூடப் பெரிதில்லை. "கர்த்தர் சொல்லிட்டார்" என்ற வார்த்தை வீட்டில் இருக்கிற எல்லாருடைய வாயையும் அடைத்துவிடுகிறது. மனைவி கேட்க முடியாது. அப்பா கேட்க முடியாது. கேட்டால் ஆண்டவரையே எதிர்ப்பது போல ஆகிவிடும். ஆலோசனை சொல்லவென்று ஆண்டவர் நம் பக்கத்தில் வைத்திருக்கிற ஆட்களை, அவருடைய பெயரைச் சொல்லியே திண்ணைக்கு அனுப்பிவிடுகிறோம். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதன்மேல்தான்.

பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர், தேவ சித்தத்தைத் தேடும்போது முதல் வேலையாக, அந்தக் காரியத்தில் தன் சொந்த விருப்பம் எந்தப் பக்கமும் சாயாத நிலைக்குத் தன் இருதயத்தைக் கொண்டுவரப் பார்ப்பாராம். வசனம், சூழ்நிலை எல்லாம் அதற்குப் பிறகுதான். நாம் இந்த முதல் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து நான்கு விஷயம் எழுதச் சொல்கிறேன். இதுவரை எவ்வளவு பணம் கொடுத்தாய்? யாருக்கு வாக்குக் கொடுத்தாய்? இது தப்பிப்போனால் உன்னைத் தவிர யாருக்கு நஷ்டம்? என்ன நடந்தால் இதை விட்டுவிடுவாய்? நான்காவதுக்குப் பதில் இல்லையென்றால் இன்னும் ஜெபிக்க ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவதில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் முதலில் போய்ப் பேசு, "கர்த்தர்" என்ற வார்த்தையைச் சொல்லாமல் பேசு என்பேன். கணக்கைக் காட்டிப் பேசு, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்து முழங்கால் போடு.

தென்றல் அடித்ததும் கதவு திறந்துவிட்டது என்று கிளம்புவது

அப்போஸ்தலர் 27-இல் பவுல் கப்பல் பயணம் வேண்டாம் என்கிறார். அவரைக் கைதியாகக் கொண்டுபோகிற ரோமப் படைத் தலைவனான நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்புகிறான். பெரும்பாலோர் புறப்படத்தான் சொல்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தென்றல் மெதுவாக அடிக்கிறது. நினைத்தது கைகூடிவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று வந்து மோதுகிறது. கப்பலில் இருந்த 276 பேரும் பிழைத்தது தேவ கிருபை. கப்பல் போனது போனதுதான்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் காற்று நன்றாக இருக்கிறது என்பதற்காக யாரும் வானிலை எச்சரிக்கையை மீறி வள்ளத்தை இறக்குவதில்லை. லோன் சீக்கிரம் கிடைத்தது, விசா சீக்கிரம் வந்தது என்பதெல்லாம் தென்றல்தான். லோன் கொடுப்பது வங்கிக்குத் தொழில்.

ஊழியக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார், போதும் என்பது

ஆலயம் கட்டுகிறேன் என்று தாவீது ராஜா சொன்னதும் தீர்க்கதரிசி நாத்தான், போய் உம்முடைய இருதயத்தில் இருக்கிறபடி செய்யும் என்றான். நல்ல காரியம், நல்ல ராஜா, யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அன்று ராத்திரியே கர்த்தர் அவனிடம் வேறு சொன்னார். நாத்தான் திரும்பிப் போய்த் தன் வார்த்தையைத் தானே மாற்றினான். எனக்கு நாத்தானை ரொம்பப் பிடிக்கும். நான் பலமுறை கூட்டம் முடிந்த அவசரத்தில், "போங்க தம்பி, கர்த்தர் கூட இருப்பார்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மறுநாள் போன் போட்டு, "தம்பி, நான் யோசிக்காம சொல்லிட்டேன்" என்று சொன்னது இரண்டோ மூன்றோ முறைதான்.

1 இராஜாக்கள் 13-இல் வருகிற கிழத் தீர்க்கதரிசியையும் வாசியுங்கள். அந்த இடத்தில் சாப்பிடக்கூடாது என்று கர்த்தர் சொல்லியிருந்த தேவனுடைய மனுஷனை, தேவதூதன் சொன்னதாகப் பொய் சொல்லித் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப்போனான். திரும்புகிற வழியில் சிங்கம் அடித்துக் கொன்றது பொய் சொன்னவனையில்லை, நம்பிப் போனவனை.

கிதியோனின் தோல்

களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று கிதியோன் அடையாளம் கேட்டான். கர்த்தர் ஏற்கனவே தெளிவாகப் பேசின பிறகும் நம்பமுடியாமல் அவன் கேட்டது அது. மாதிரியாக எடுக்காதீர்கள்.

கதவு மூடினால் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவது

நீட் போய்விட்டால், சம்பந்தம் கலைந்துவிட்டால், "எனக்குச் சித்தம் இல்லைபோல" என்று ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. பவுலை ஆசியாவில் வசனம் சொல்ல ஆவியானவர் விடவில்லை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதற்கும் அனுமதி இல்லை. அவர் நடந்துகொண்டேதான் இருந்தார். துரோவாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மக்கெதோனியாக்காரன் தரிசனத்தில் வந்து, எங்களுக்கு உதவி செய்ய வாரும் என்று அழைத்தான்.

களக்காடு பக்கம் டோனாவூருக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் முதலில் போனது ஜப்பானுக்கு, 1893-இல். உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இலங்கையில் கொஞ்ச நாள், பிறகு வீடு திரும்பினார். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, கடைசியில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். 1951-இல் சாகும்வரை தன் தேசத்துக்குத் திரும்பிப் போகவேயில்லை. ஜப்பானிலிருந்து கப்பலேறிய அன்று அவருக்கு டோனாவூர் என்ற பெயரே தெரிந்திருக்காது.

கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் என்பது

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா? லூக்கா 14:28. சொன்னவர் இயேசு.

அந்தக் கனடா தம்பியை அன்று சபைக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தாளைக் கொடுத்தேன். முதல் மூன்றையும் மளமளவென்று எழுதினான். மூன்றாவதில் அப்பா, தங்கச்சி என்று இருந்தது.

"பணம் கட்டுறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட என்ன சொன்ன?"

"கர்த்தர் வழியைத் திறந்துட்டார்னு சொன்னேன் அண்ணே."

"அப்பா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. பத்திரத்தை எடுத்துக் குடுத்துட்டு வெளிய போயிட்டாங்க."

நான் என் மாமனாரைப் பற்றி அவனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது கேள்விக்கு எதிரே பேனாவை வைத்து வைத்து எடுத்தான், எழுதவில்லை. கட்டின பணத்தை எந்தத் தேதிவரை திருப்பிக் கேட்கலாம் என்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்பாவையும் கூட்டிட்டு வரட்டுமா அண்ணே?" என்று கேட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வருகிறார்கள்.