ஷேர்டு ஹோஸ்டிங்ல (ஒரே சர்வர்ல பல பேரோட சைட் ஓடுறது) கிட் (கோடுல பண்ற மாற்றங்கள பதிவு பண்ணி வைக்கிற டூல்) யூஸ் பண்றவங்க இத ஒரு தடவ செக் பண்ணிடுங்க

சர்வர்ல பப்ளிக்_ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள்ளயே (சைட்டோட ஃபைல்ஸ் இருக்கிற வெப் ஃபோல்டர்) கிட் க்ளோன் பண்ணி, அதாவது ரெப்போவ ஹிஸ்டரியோட காப்பி எடுத்து வச்சிருக்கீங்கன்னா, உங்க சைட் அட்ரஸுக்குப் பின்னாடி ஸ்லாஷ் போட்டு டாட்கிட் ஸ்லாஷ் ஹெட்னு (ஹெட் மட்டும் கேபிடல் லெட்டர்ல) அடிச்சுப் பாருங்க. "ரெஃப்"னு ஆரம்பிக்கிற ஒரு வரி வந்துச்சுன்னா உங்க மொத்த கோடும் பழைய ஹிஸ்டரியோட சேத்து யார் வேணா எடுத்துக்கலாம்னு அர்த்தம், அதுல டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எப்பவோ கமிட் ஆகி (கிட்ல பதிவாகி) அப்புறம் டிலீட் பண்ணியிருந்தாலும் ஹிஸ்டரில அப்படியே இருக்கும், அதனால பாஸ்வேர்டையும் உடனே மாத்திடுங்க.

அவசரத்துக்கு ஹெச்டிஆக்சஸ் ஃபைல்ல (வெப் சர்வருக்கு ரூல்ஸ் எழுதுற ஃபைல்) அந்த டாட்கிட் ஃபோல்டர பிளாக் பண்ணலாம். ஆனா நல்ல வழின்னா, எஸ்எஸ்ஹெச் (சர்வர்ல லாகின் பண்ணி கமாண்ட் அடிக்கிற வசதி) இருந்தா ஹோம் டைரக்டரில, அதாவது வெப் ஃபோல்டருக்கு வெளிய, ஒரு "bare" ரெப்போ (ஃபைல்ஸ் வெளிய தெரியாம கிட் ஹிஸ்டரி மட்டும் இருக்கிறது) வச்சுக்கோங்க. அதோட ஹூக்ஸ் ஃபோல்டர்ல போஸ்ட்-ரிசீவ்னு ஒரு ஸ்கிரிப்ட் (நீங்க புஷ் பண்ணதும், அதாவது கோட அனுப்பினதும், தானா ஓடும்), அதுல ஒர்க் ட்ரீயா (ஃபைல்ஸ் போய் இருக்க வேண்டிய இடமா) வெப் ஃபோல்டர காட்டி செக்அவுட் பண்ற, அதாவது ஃபைல்ஸ அங்க எடுத்து வைக்கிற, ஒரே ஒரு வரி போதும். அந்த ஸ்கிரிப்டுக்கு எக்ஸிக்யூட் பர்மிஷன் (ஓட்டுறதுக்கான அனுமதி) குடுக்க மறந்துடாதீங்க, இல்லன்னா புஷ் ஆகும் ஆனா சைட் மாறவே மாறாது, நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான்.

எஸ்எஸ்ஹெச் இல்லயா? சிபேனல்ல (ஹோஸ்டிங்க மேனேஜ் பண்ற பேஜ்) கிட் வெர்ஷன் கன்ட்ரோல்னு இருக்கான்னு பாருங்க.

யூசர்ஸ் அப்லோட் பண்ற படங்களையும் கான்ஃபிக் ஃபைலையும் (பாஸ்வேர்ட் மாதிரி செட்டிங்ஸ் இருக்கிறது) மட்டும் கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்கக் கூடாத ஃபைல்களோட லிஸ்ட்) போட்டுடுங்க.