ஒரே நாலு டன், இரண்டு லாரி

போன வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு டீக்கடையில் இரண்டு பையன்களைச் சந்தித்தேன். மூன்றாவதாக ஒருவனைச் சேர்த்துக்கொண்டு ரப்பர் ஷீட் வியாபாரம் தொடங்கப்போகிறார்களாம். அவர்கள் பேசப் பேச, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய என்னையே பார்ப்பதுபோல இருந்தது. கணக்கு எழுது, தராசைச் சரிபார் என்பதை யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். கூட்டு வியாபாரத்தில் செய்யக்கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரே மாதிரி ஆட்களைச் சேர்ப்பது

என் முதல் கூட்டில் மூன்று பேருமே குலசேகரம் பக்கத்துக்காரர்கள். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தே கிரேடு சொல்லிவிடுவோம். ஆனால் கடைக்காரர் முன்னால் உட்கார்ந்து பாக்கி வாங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஒன்றரை வருஷத்தில் முதல் முழுக்க வெளியே நின்றது.

யார் வாக்குக் கொடுப்பது என்று பேசாமல் விடுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். அடுத்த கூட்டை யோசித்துத்தான் அமைத்தேன். கொச்சி ஏஜென்டுகளிடம் மலையாளத்தில் பேரம் பேச களியக்காவிளை அண்ணன், கணக்குக்கு நாகர்கோவில்காரர், கொள்முதலுக்கு நான்.

ஐப்பசி மாதம். ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில் ஷீட் பிரித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார். "கொச்சிக்கு நாலு டன் கேக்காங்க, குடுத்திரலாமா?"

"பாக்கலாம் அண்ணே" என்றேன்.

எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்று அர்த்தம். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். சாயங்காலம் அதே நாலு டன்னை உள்ளூர் பட்டறைக்காரர் ஒருவருக்கு நானும் பேசி முடித்தேன். மறுநாள் காலையில் குடோன் வாசலில் இரண்டு லாரி நிற்கிறது.

மழையில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. சரக்கு வரத்து இல்லை, விலை ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னது எனக்குத் தெரியாது என்று கையை விரிக்கவும் முடியாது. வியாபாரத்துக்காக ஒரு கூட்டாளி கொடுக்கும் வாக்கு மற்றவர்களையும் கட்டும் என்பது 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம். கிலோவுக்கு 11 ரூபாய் கூடக் கொடுத்து வெளியில் நாலு டன் வாங்கினோம். 44,000 ரூபாய் போனது. ஒரு நாள் தாமதித்ததற்காகப் பட்டறைக்காரரும் அப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை.

இதில் என்னை எரிக்கிற விஷயம் வேறு. இரண்டு பேச்சையும் நாகர்கோவில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்! ஏன் சொல்லவில்லை என்றால், "எனக்குக் கணக்குதானே வேலை" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அவரவர் வேலையை நான்தான் அப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தேன், குறுக்கே பேச யாருக்கும் இடம் வைக்கவில்லை.

இப்போது குடோன் கதவருகே ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. யார் வாக்குக் கொடுத்தாலும் முதலில் அதில் எடை, ஆள், விலை ஏறவேண்டும். எழுதாத வாக்குக்கு லாரி ஏற்றுவதில்லை. யாராவது பாக்கலாம் என்றால், "எழுதட்டா, வேண்டாமா?" என்று கேட்பது நாகர்கோவில்காரரின் வேலை.

சம்பளத்தை வாய்ப்பேச்சில் விடுவது

ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஓடியாடி உழைக்கிற கூட்டாளிக்குச் சம்பளம் கேட்கும் உரிமை கிடையாது. லாபமும் சமபங்குதான், யார் எவ்வளவு ஓடியிருந்தாலும்.

மச்சானைக் கணக்குக்கு வைப்பது

வேண்டாம்.