கௌரி அக்காவைப் பட்டியலில் காணோம்: தமிழ்க் கோப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலின் உபயக்காரர் பட்டியலைப் புதுக் கணினிக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள். திருவிழாவுக்கு அவர்களை அழைக்க அந்தப் பட்டியல் ஒன்றுதான் வழி. கோப்பைத் திறந்தால் ஒரு பெயர்கூடத் தமிழில் இல்லை, எல்லாம் ஏதேதோ குறிகள். “பழைய எழுத்துருவைப் போட்டுட்டா சரியாயிடும் அண்ணே” என்றான் கூட இருந்த தம்பி.

பலரும் செய்யும் தவறு அது. கணினி ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாகத்தான் வைத்திருக்கும். எழுத்துரு போட்டால் அந்த ஒரு கணினியில் தமிழ் தெரியும், உள்ளே உள்ள எண்கள் மாறாது. திஸ்கி, பாமினி என்று அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எண்வரிசை வைத்திருந்தார்கள். 1991இல் வந்த யூனிகோடுதான் உலக மொழிகளோடு சேர்த்துத் தமிழுக்கும் பொதுவான எண்களைத் தந்தது. ஆகவே கோப்பு எந்த வரிசையில் உள்ளது என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கான மாற்றி மென்பொருளைக் கொண்டு மாற்றுங்கள். நீங்களே எண்ணுக்கு எண் மாற்றப் பார்க்காதீர்கள். திஸ்கியில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு முதலில், ‘க’ பிறகு. யூனிகோடில் ‘க’தான் முதலில். மூலக் கோப்பின் நகல் ஒன்றையும் தனியே வையுங்கள்.

மாற்றி முடித்த பிறகும் கௌரி அக்காவைத் தேடினால் கிடைக்கவில்லை. பெயர் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் தட்டியவர் ‘கெ’ போட்டு பக்கத்தில் ‘ள’ போட்டிருக்கிறார். கணினிக்கு அது கெ-ள-ரி. ‘கொ’வில் இந்தச் சிக்கல் குறைவு. கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டினாலும் யூனிகோடு விதிப்படி அது ‘கொ’வுக்குச் சமம். ‘ள’ அப்படியில்லை, அது தனி எழுத்து. ‘ஒளவை’ என்று தட்டுவதும் இதே பிழைதான். தமிழ்99 விசைப்பலகையில் ‘க’ தட்டி ‘ஔ’ தட்டினால் சரியான ‘கௌ’ வந்துவிடும்.

சரி, கோப்பு முழுவதும் ஒரே அடியாக ‘கெள’வை ‘கௌ’ ஆக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம்! கெளுத்தி மீனும் கெட்டுவிடும். ‘தெள’வைத் தொட்டால் தெளிவு போய்விடும். நான் ஒவ்வொரு பெயராகப் பார்த்துத்தான் திருத்தினேன். இரண்டு இரவு பிடித்தது.

அப்புறம், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 (UTF-8) என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் எழுதிவைக்கும் முறை அது.