ரெனுவார் பாணியில் ஒரு சாக்லேட் கோப்பை: வரைந்து பழகலாம்

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் 'சாக்லேட் கோப்பை' என்ற ஓவியம் 1878-இல் பாரீஸ் சலோன் கண்காட்சியில் இடம்பெற்றது. மேசை முன் உட்கார்ந்து சாக்லேட்டைக் கரண்டியால் கலக்கும் பெண். அக்ரிலிக் (தண்ணீரில் கரைத்துப் பூசும் வண்ணம்) பழகத் தொடங்குபவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் நான் சொல்வேன். காரணம், அந்தக் கோப்பை. இளவயதில் பீங்கான் பட்டறையில் பாத்திரங்களுக்குப் படம் வரைந்து பிழைத்தவர் ரெனுவார்.

30 × 40 செ.மீ. கேன்வாஸ், ஒரு தட்டைத் தூரிகை, ஒரு சிறிய உருண்டைத் தூரிகை போதும். வண்ணங்கள்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு), வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு), காட்மியம் மஞ்சள். கறுப்பு வேண்டாம். 1870-களில் ரெனுவார் போன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நிழல்களுக்குப் பெரும்பாலும் நீலத்தையும் ஊதாவையும்தான் நாடினார்கள்.

முதலில், நீர்த்த நீலத்தால் தலை, தோள், மேசை, கோப்பை ஆகியவற்றின் இடத்தை மட்டும் குறியுங்கள். கோப்பையின் வாய் நீள்வட்டம். அதன் இரு முனைகளும் கூராகிவிடக் கூடாது. அப்புறம் தட்டைத் தூரிகையால் உடை, பின்னணி, மேசைவிரிப்பு. இங்கே வேகமாகப் போகலாம்.

இனி கோப்பை. அவசரமே வேண்டாம். டியூப் வெள்ளையை அப்படியே பூசினால் காகிதத்தை வெட்டி ஒட்டியது போலிருக்கும். வெளிச்சம் படும் பக்கத்துக்கு வெள்ளையில் துளி மஞ்சள். நிழல் பக்கத்துக்கு வெள்ளையில் கொஞ்சம் நீலம், துளி கிரிம்சன். உடையை ஒட்டிய பக்கத்தில் உடையின் நிறத்தையும் லேசாகக் காட்டுங்கள், பீங்கான் அதை வாங்கிப் பிரதிபலிக்கும். விளிம்பின் பளபளப்புக்குச் சுத்த வெள்ளையில் ஒரே ஒரு புள்ளி. வைத்தபின் தொடாதீர்கள்.

சாக்லேட்டுக்கு வெர்மிலியனோடு நீலமும் சிறிது மஞ்சளும். முழுக்கக் குழைக்காமல் பாதியில் நிறுத்துங்கள். ஒரே தீற்றலுக்குள் சிவப்பும் நீலமும் தனித்தனியே தெரியும். டியூபில் வரும் பழுப்பில் இந்த உயிர் இருக்காது.

கடைசியில் முகம். ரெனுவாரின் எண்ணெய் வண்ணம் மெல்லக் காயும், அதனால் ஈரத்தின்மேலேயே அடுத்த நிறத்தை இழைக்க முடிந்தது. அக்ரிலிக் சட்டென்று காய்ந்துவிடும். அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டு கன்னத்தையும் கழுத்தையும் ஒரே மூச்சில் முடியுங்கள். இமைகளைத் தாழ்த்தியே வையுங்கள். சாக்லேட்டை ரசிப்பவளுக்கு அது பொருந்தும், வரைவதும் எளிது.

விரல்களை ஒவ்வொன்றாக வரைய வேண்டாம். ஆறடி தள்ளி நின்று பார்க்கும்போது கரண்டி பிடித்த கை என்று தெரிகிறதா? சரி, தூரிகையைக் கழுவிவிடலாம்.