டைவ் வாட்ச் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

நீரில் மூழ்குபவர்களுக்காகச் செய்யப்படும் விலை உயர்ந்த மெக்கானிக்கல் டைவ் வாட்ச் ஒன்றின் முழுப் பெயரில் ஏழெட்டுச் சொற்கள் வரும். அவற்றில் சோதனைக்கு உட்பட்ட அளவைச் சொல்பவை ஒன்றோ இரண்டோதான். சில, ஏற்கெனவே வேறு பெயரில் புழங்கும் பொருளுக்கு நிறுவனம் சூட்டிய வணிகப் பெயர்கள். மீதி அலங்காரம். வாங்கும் முன் பெயரையும் டயலில் உள்ள எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ‘சோதனை’, ‘வணிகப் பெயர்’, ‘அலங்காரம்’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ரோலெக்ஸ் சப்மரைனரின் டயலை எடுத்துக்கொள்வோம். ‘ஆய்ஸ்டர்’ என்பது 1926-இல் வந்த, திருகி மூடும் நீர்புகாக் கேஸின் (வாட்சின் வெளிக்கூடு) பெயர். ‘பெர்பெச்சுவல்’ என்றால் கையசைவில் உள்ளே இருக்கும் எடைத்தகடான ரோட்டர் சுழன்று தானே சாவி ஏறும். எல்லா ஆட்டோமேட்டிக் வாட்சும் செய்வதுதான். சப்மரைனரைக் கழற்றி வைத்தால் ஏறத்தாழ மூன்று நாளில் நின்றுவிடும். இதைப் பெர்பெச்சுவல் காலண்டரோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது மாதத்தின் நாள் கணக்கைத் தானே சரிசெய்யும் வேறொரு பொறி. குரோனோமீட்டர் என்றால் துல்லியத்துக்குச் சான்று பெற்ற வாட்ச். ‘சூப்பர்லேட்டிவ் குரோனோமீட்டர்’ என்பதில் முதல் சொல் அலங்காரம் போலத் தெரிந்தாலும் அதன் அடியில் எண் இருக்கிறது. சுவிஸ் குரோனோமீட்டர் சோதனை மையமான சிஓஎஸ்சி நாளொன்றுக்கு சராசரியாக −4 முதல் +6 விநாடி வரை அனுமதிக்கிறது. அதன் பிறகு வாட்ச் முழுதாகப் பொருத்தப்பட்ட நிலையில் ரோலெக்ஸ் நிறுவனம் ±2 விநாடிக்குள் சோதிக்கிறது. ஆகவே முதல் சான்று வெளியார் தந்தது, இரண்டாவது நிறுவனமே தருவது. இந்த வேறுபாட்டைத் தாளில் தனியாகக் குறியுங்கள்.

அடுத்து ஆழம். கேட்க வேண்டிய கேள்வி: ‘ஐஎஸ்ஓ 6425 தரத்துக்குச் சோதித்ததா?’ டைவ் வாட்சுக்கான சர்வதேசத் தரம் அது. அதில் குறைந்தபட்ச அளவு 100 மீட்டர். ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாக, எழுதியுள்ள அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்; 200 மீட்டர் (20 பார் அழுத்தம்) வாட்ச் என்றால் 25 பார். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் நேரம் தெரிய வேண்டும். அதில் தேறிய வாட்சில் ‘டைவர்ஸ்’ என்று ஆழ அளவோடு பொறிக்கலாம். ‘டைவர் ஸ்டைல்’, ‘ஓஷன்’, ‘மரைன்’, ‘ப்ரொஃபஷனல்’ ஆகியவற்றுக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஆனால் ‘டைவர்ஸ்’ என்ற சொல் இல்லாததாலேயே வாட்ச் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில நிறுவனங்கள் அதே 25 சதவீதக் கூடுதல் அழுத்தத்தில் சோதித்தும் அச்சொல்லைப் பொறிப்பதில்லை.

பெயரில் உள்ள எண்ணை அளவாக எடுத்துக்கொள்வதும் தவறு. பிளாங்பானின் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ 1953-இல் வந்தது. ஐம்பது ஃபாதம் என்பது சுமார் 91 மீட்டர். இன்று அதே பெயரில் வரும் வாட்ச் 300 மீட்டர் தாங்கும். ஒமேகாவின் ‘அல்ட்ரா டீப்’ பெயருக்கேற்ப 6,000 மீட்டர் தாங்கும், ரோலெக்ஸ் ‘டீப்சீ’ 3,900 மீட்டர். ஆனால் பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்காகத் தடிப்பான கேஸையும் கண்ணாடியையும் நாள் முழுதும் மணிக்கட்டில் சுமக்க வேண்டும் என்பதை யோசியுங்கள்.

‘ஹீலியம் வால்வு’ உண்மையான உறுப்பு. வாரக்கணக்கில் ஹீலியம் கலந்த அழுத்த அறையில் தங்கி வேலை செய்பவர்களின் வாட்சுக்குள் அந்த வாயு புகுந்துவிடும். அழுத்தம் குறையும்போது அது வெளியேற வழியில்லாவிட்டால் கண்ணாடி பிடுங்கிக்கொண்டு வரலாம். சிலிண்டர் மாட்டி இறங்குபவருக்கு இது தேவையில்லை. கேஸில் ஒரு துளையும், கவனிக்க ஒரு கேஸ்கட்டும் (நீர் புகாமல் தடுக்கும் வளையம்) கூடும், அவ்வளவே.

பொருள்களின் வணிகப் பெயரைப் பொதுப் பெயருக்கு மாற்றி எழுதுங்கள். ‘ஆய்ஸ்டர்ஸ்டீல்’ 904 எல் வகை எஃகு. உப்புநீர் அரிப்பை 316 எல் எஃகைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் கீறல் விழாது என்று நம்பிவிடாதீர்கள். ‘செராக்ரோம்’ செராமிக் பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம். கீறலுக்கு அஞ்சாது, பலமாக இடித்தால் உடையும். ‘ரோலிசார்’ எஃகும் தங்கமும் சேர்ந்த வாட்ச். ஒமேகாவின் ‘பிரான்ஸ் கோல்ட்’ 37.5 சதவீதம் தங்கம் கொண்டது, அதாவது 9 காரட்.

ஒமேகாவின் ‘மாஸ்டர் குரோனோமீட்டர்’ வெறும் அலங்காரம் அல்ல. சுவிஸ் அளவியல் நிறுவனமான மெட்டாஸ் வகுத்த சோதனையில் 15,000 காஸ் (காந்தப்புல அலகு) காந்தப்புலத்தைத் தாங்கி, நாளுக்கு 0 முதல் +5 விநாடிக்குள் ஓட வேண்டும். சாதாரணக் காந்தத்தடைத் தரம் மீட்டருக்கு 4,800 ஆம்பியர், சுமார் 60 காஸ். ஸ்பீக்கர், டேப்லெட் உறைக் காந்தம் இவற்றின் அருகே வைத்துத் திடீரென வாட்ச் வேகமாக ஓடினால் காரணம் பெரும்பாலும் ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கில் ஏறிய காந்தம்தான்.

மூவ்மென்டுக்கு (வாட்சை ஓட்டும் உட்பொறி) எண் மட்டும் தந்திருந்தால் அடிப்படை எது என்று கேளுங்கள். டேக் ஹோயரின் ‘காலிபர் 5’, மூவ்மென்ட் செய்து பிறருக்கு விற்கும் நிறுவனங்களின் ஈட்டிஏ 2824-2 அல்லது செலிட்டா எஸ்டபிள்யூ200-1. ஓரிஸ் ‘733’ அதே செலிட்டா. இது குறை அல்ல, நிறை: உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும், பழகிய கைகள் பல இருக்கும். நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பு என்று எண்ணி அதற்கான விலை கொடுப்பதுதான் தவறு.

எந்தப் பெயராக இருந்தாலும் கேஸ்கட் காலப்போக்கில் இறுகிப்போகும். தண்ணீரில் பயன்படுத்துபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்யுங்கள். இறங்கும் முன் கிரௌன் (பக்கவாட்டில் உள்ள சாவித் திருகு) முழுதும் திருகி இறுக்கப்பட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பழைய வாட்ச் வாங்கினால் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் சற்று வைத்து, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு ஒரு நிமிடத்தில் துடையுங்கள். உள்பக்கம் பனி படிந்தால் ஈரம் ஏற்கெனவே புகுந்துவிட்டது. டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் பழுது பார்க்காமல் அதை நீரில் இறக்காதீர்கள்.