பாட்டியின் பெட்டியில் வெள்ளி ரூபாய் கிடைத்ததா? அதன் தடங்களை இப்படிப் பாருங்கள்

பாட்டியின் டிரங்குப் பெட்டியில், மஞ்சள் துணியில் முடிந்து ஒன்பது வெள்ளி ரூபாய்கள் இருந்தன. அதில் ஒரு 1919-ம் வருடக் காசில், ராஜா தலைக்கு மேலே விளிம்பில் கடுகளவு ஒரு கட்டி. அச்சடிக்கும்போது நேர்ந்த பிழை, லட்சத்துக்குப் போகும் என்று நாலு நாள் மிதந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஒரு பத்தர் கையில் வாங்கிப் பார்த்த மாத்திரத்தில், "வளையம் வைச்சு ஊதின இடம் தம்பி, யாரோ கழுத்துல போட்டிருக்காங்க" என்றார்.

அந்த நாலு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் அதிகம் கிடைக்கும் பிரிட்டிஷ் கால ஒரு ரூபாயை வைத்தே சொல்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு மேசை விளக்கு, காந்தம், இவை போதும்.

தொடங்குமுன் ஒன்று: தேய்க்காதீர்கள். புளியும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் மெல்லிய கீறல்கள் ஆயிரம் விழும். ஒன்பதில் ஒன்றை நான் அப்படித்தான் பாழாக்கினேன்.

படி 1: எடை

வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நன்றாகப் புழங்கித் தேய்ந்த காசில் கால் கிராம் போல் குறையலாம். ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் வெட்டியிருக்கிறார்கள், அரம் போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் காசே போலி. எடை கூடினாலும் காரணம் தேட வேண்டும். என் 1919 காசு 11.9 காட்டியது; கூடுதல் அத்தனையும் வளையத்தைப் பற்றவைத்தபோது ஒட்டிய பற்றுப்பொடி.

காந்தத்தையும் காட்டிப் பாருங்கள். வெள்ளி ஒட்டாது. 1947-ல் வந்த புலி ரூபாய் ஒட்டும், பதற வேண்டாம், அது நிக்கல்.

படி 2: பிறவி அடையாளங்கள்

அச்சிலேயே இருந்தவற்றை முதலில் கழித்துவிட வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கம் அடியில் உள்ள பூவுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் அது பம்பாய் நாணயச்சாலையின் குறி. புள்ளி இல்லையென்றால் கல்கத்தா. 1940-களில் வந்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளிக் காசுகள் சிலவற்றில் எல் என்ற ஆங்கில எழுத்து லாகூரைக் குறிக்கும். 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் அதே ஆண்டுடன் பல வருடங்கள் அச்சாகி வந்தது. அதில் தெரியும் கூடுதல் புள்ளிகளும் அச்சிலேயே வைத்தவை, யாரும் குத்தியவை அல்ல.

1911-ம் வருட ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரியும். தேய்ந்துபோனதால் அல்ல, வடிவமைப்பே அப்படி. ஊரெல்லாம் எதிர்ப்பு கிளம்ப, அந்தக் காசில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, மறு வருடம் தும்பிக்கை நன்றாகத் தெரியும்படி மாற்றினார்கள். உங்களிடம் பன்றி இருந்தால் பத்திரம்.

படி 3: மேடா, பள்ளமா?

ஒட்டுமொத்த வேலையும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். கோடு மேடாக இருந்தால் பெரும்பாலும் நாணயச்சாலையில் வந்தது. அச்சில் விரிசல் விழுந்தால் அந்த இடுக்கில் வெள்ளி புகுந்து காசில் மேட்டுக்கோடாக நிற்கும். பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் பிறகு பட்ட அடி. அடிபட்ட வெள்ளி எங்கேயும் போகாது, பள்ளத்தின் ஓரத்தில் வரப்பு மாதிரி ஒதுங்கி நிற்கும். லென்ஸில் அந்த வரப்பு தெரிந்தால் அது காயம்.

என்னை ஏமாற்றிய கட்டியும் மேடுதான். ஆனால் பற்றவைத்த மேட்டுக்கு ஒரு குணம் உண்டு: உருகி வழிந்த மாதிரி வழுவழுவென்று இருக்கும், நிறம் சற்று மாறும், விளிம்பில் நெருக்கமாக ஓடும் வரிகளை மூடிவிடும். அச்சில் வந்த மேடு அப்படி வழியாது.

விளிம்பில் பிறை போல ஒரு துண்டு குறைந்திருந்தால், நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு மங்கலாக இருந்தால் அச்சடிக்குமுன்பே தகட்டில் அந்தக் குறை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். எதிர்ப்பக்கம் கூர்மையாக இருந்தால் யாரோ வெட்டியதாகத்தான் இருக்கும்.

படி 4: மனிதர் போட்டவை

விளிம்பில் உளிவெட்டு, சின்னப் பூ அல்லது எழுத்துப் போன்ற குத்து: உள்ளே வெள்ளிதானா என்று சராப்புகள், அதாவது அந்தக் காலத்தில் காசு மாற்றிக் கொடுத்தவர்கள், சோதித்த தடம். ஆற்காடு, மொகலாய ரூபாய்களில் நிறைய, விக்டோரியா காசிலும் கண்ணில் படும். விளிம்பில் ஒரு இடம் மட்டும் தட்டையாக மழுங்கியிருந்தால் உரைகல்லில் உரசியிருப்பார்கள். துளையும், துளையை அடைத்த வட்டத் தடமும் மாலையில் கோத்த காசுக்கு. விலை குறையும், உண்மை. எனக்கென்னவோ அதுதான் பிடிக்கிறது.

படி 5: நிறம்

கறுப்பு, காற்றிலுள்ள கந்தகத்தால் வருவது, விட்டுவிடுங்கள். பச்சை, வெள்ளியில் கலந்த செம்பின் களிம்பு. 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான் என்பதால் அது மங்கலாகவே இருக்கும். அதன் விளிம்பு வரிகளுக்கு நடுவே ஓடும் பள்ளமும் சேதமல்ல, போலியைத் தடுக்க வைத்தது. பரப்பு முழுக்கக் குண்டூசி முனை அளவு குழிகள், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, இரண்டும் தெரிந்தால் வார்ப்புப் போலி என்று சந்தேகியுங்கள்.

பார்த்து முடித்ததும் ஒவ்வொரு காசையும் தனிக் காகித உறையில் போடுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஒட்டும். உறை மேல் பென்சிலால் குறித்துவையுங்கள். என் உறை ஒன்றில் இருப்பது: "1919, பம்பாய், 11.9 கிராம், தலைக்கு மேல் வளையம் இருந்தது. யார் போட்டது? அத்தையைக் கேட்கணும்."