நண்பகல் பன்னிரண்டு என் நடுச்சாமம்

கோயம்பேடு சந்தையில் ஒரு தக்காளி மண்டியில் 2006ஆம் ஆண்டிலிருந்து கணக்கு எழுதுகிறேன். இரவு பத்து மணிக்குக் கடைக்குப் போனால், காலை எட்டு மணிக்கு மேல்தான் கல்லாச் சாவியை முதலாளியிடம் கொடுப்பேன். மதனப்பள்ளி, கோலார், ஓசூர்ப் பக்கத்து லாரிகள் நள்ளிரவில் வந்து நிற்கும். விடிவதற்குள் பெரும்பகுதி விற்றாக வேண்டும். ஊர் எழுந்து பல் துலக்கும்போது நான் படுக்கையைத் தட்டிப் போட வேண்டும்.

அக்கா மகன் போன மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நிரந்தர இரவுப் பணிக்குச் சேர்ந்தான். “மாமா, நீங்கள் எப்படித்தான் பகலில் தூங்குகிறீர்கள்? எனக்கு பதினோரு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது” என்று போனில் புலம்பினான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் வேலை, அறையை இருட்டாக்குவது. இதற்கு நான் ஆறு மாதம் வீணாக்கினேன். முதலில் ஜன்னல் கண்ணாடியில் பழைய செய்தித்தாள் ஒட்டினேன். பத்து மணி வெயில் பட்டதும் தாள் விளக்குக் கூண்டு போல மஞ்சளாக ஒளிர்ந்தது. படுத்தபடியே தலைப்புச் செய்தியைப் படிக்க முடிந்தது. பிறகு லாரிக்குப் போர்த்தும் தார்ப்பாயில் ஒரு துண்டு வெட்டித் தொங்கவிட்டேன். இருட்டு வந்தது, கூடவே சூடும் வாடையும் வந்தன. இப்போது இருக்கும் ஏற்பாடு இதுதான்: ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, உள்பக்கம் இரட்டை மடிப்புக் கறுப்புத் துணி. அட்டை வெயிலை வெளியே தடுக்கிறது, துணி மிச்ச வெளிச்சத்தைக் குடிக்கிறது. கதவின் அடியில் சுருட்டிய வெங்காயச் சாக்கு. சரியாக இருட்டிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நண்பகலில் விளக்கை அணைத்துவிட்டு முகத்துக்கு நேரே கையை நீட்டுங்கள். விரல்களை எண்ண முடிந்தால் இன்னும் எங்கோ ஓட்டை இருக்கிறது. என் அறையில் கடைசியாகக் கண்டுபிடித்த ஓட்டை, கதவின் சாவித் துவாரம்.

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். இரவில் உறங்குகிறவனுக்கே அது கொடுமை. சித்திரை, வைகாசியில் பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே படுத்தால் மின்விசிறி சூட்டைத்தான் கிளறிக் கொட்டும். நெற்குன்றத்தில் நான் இருப்பது தரைத்தளம். கொசு அதிகம், ஆனால் குளுமை.

வெளிச்சத்தை ஏன் இத்தனை பெரிதுபடுத்துகிறேன் என்றால், நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் அதை வைத்துத்தான் மணி பார்க்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் உறக்கத்துக்கு அழைக்கும் மெலடோனின் சுரப்பு அடங்கிவிடும். இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது எதை என்று படித்தபோது சிரித்துவிட்டேன். பழ ஈயை! அழுகல் தக்காளிப் பெட்டியின் மேல் மொய்க்கிற பொடி ஈயின் வகைதான். இத்தனை வருடம் கணக்குப் புத்தகத்தால் அதை அடித்துக்கொண்டிருந்தவன் நான்.

அதனால் காலையில் வேலை முடிந்து வெளியே வரும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். கடைப் பையன்கள் முதல் வாரம் கேலி செய்தார்கள். மொபெட்டில் வருகிறவன் என்பதால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: கண் சொக்குகிற நாளில் கண்ணாடியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அப்படிச் சொக்கியே மேம்பாலத் தூணருகில் விழுந்து, தோள்பட்டையில் தகடு வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அப்படித் தோன்றினால் காலிச் சாக்கின் மேல் இருபது நிமிடம் சாய்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அடுத்தது சத்தம். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. அந்த விதிகளுக்கு இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு 45 டெசிபல், பகலுக்கு 55 டெசிபல் என்று வரம்பு. நம் உறக்கம் முழுவதும் பகல் கணக்கில் விழுகிறது. சட்டத்தைக் காட்டி யாரையும் அடக்க முடியாது. கீரைக்காரம்மா, கோலமாவு வண்டி, “பழைய பேப்பர், பழைய இரும்பு” என்று பதிவு செய்த குரலை ஓடவிட்டபடி ஊர்ந்து வரும் ஆட்டோ என்று எல்லாரும் ஒன்பதரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் வருவார்கள். அவர்களோடு சண்டை போடுவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒரு மேசை மின்விசிறியை வாங்கி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். காற்று வேண்டியதில்லை, அதன் இரைச்சல்தான் வேண்டும். ஒரே சீரான ஓசைக்குள் மற்றவை அமுங்கிப்போகும். திடுக்கென்று வரும் சத்தம்தான் எழுப்புகிறது, தொடர்ந்து இருக்கும் சத்தம் எழுப்புவதில்லை.

ஆனால் என்னை அதிகம் எழுப்பியது தெரு இல்லை, எங்கள் வீட்டுக் குக்கர். பதினொன்றரைக்கு மூன்று விசில். இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் உள்ள அந்த மௌனத்தில், கண்ணை மூடியபடியே அடுத்ததற்காகக் காத்துக் கிடப்பேன். மனைவியிடம் கேட்டதில், எட்டரைக்குள் குக்கர் வேலையை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பதிலுக்கு நான் ஒப்புக்கொண்டது, பால் வாங்கி வருவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும். இந்தப் பேரம் இல்லாமல் பகல் உறக்கம் நிலைக்காது. இரவில் ஒருவர் தூங்கினால் வீடு தானாகவே காலடியை மெதுவாக வைக்கும். பகலில் தூங்குகிறவருக்கு அந்த மரியாதை தானாக வராது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். முகம் சுளித்துக் கேட்டால் கிடைக்காது என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன்.

மாமியார் விஷயம் இன்னும் கடினம். பகலில் தூங்கினால் மூதேவி அடைவாள் என்று வளர்ந்தவர் அவர். வேலை செய்துவிட்டு வந்துதான் தூங்குகிறேன் என்பது அவருக்குத் தெரியும்; இருந்தும் நடு வீட்டில் ஒரு ஆண்பிள்ளை பதினோரு மணிக்குக் கால் நீட்டிக் கிடப்பதைக் கண் ஏற்க மறுத்தது. முக்கியமாக விளக்கு வைக்கும் நேரத்தில் படுக்கக் கூடாது. நான் வாதாடவில்லை, அதற்குத் தகுந்தபடி நேரத்தை அமைத்துக்கொண்டேன்.

அந்த அமைப்பு இது. காலை ஒன்பதரைக்குப் படுத்தால் இரண்டரை வரை ஐந்து மணி நேரம். மாலை விளக்கு வைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து முடித்த பிறகு, ஏழேகாலிலிருந்து எட்டேமுக்கால் வரை ஒன்றரை மணி நேரம். ஆக ஆறரை. பகலில் ஏழு மணி நேரத்தை ஒரே மூச்சில் தூங்கிவிடலாம் என்று அக்கா மகன் எதிர்பார்க்கிறான். சிலருக்கு வரும். எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வராததை நினைத்து விட்டத்தைப் பார்த்துக் கிடப்பதைவிட இரண்டாகப் பிரித்துக்கொள்வது மேல். நடுவில் விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். நண்பகல் பன்னிரண்டு எனக்கு நடுச்சாமம். அந்த நேரத்தில் எழுந்து போனைத் தட்டினால், இரவு உறங்குகிறவன் நடுச்சாமத்தில் எழுந்து டியூப்லைட்டைப் போட்டு உட்கார்ந்த கதைதான்.

போனை அணைத்துவிடவும் முடியாது. மனைவி, பிள்ளையின் பள்ளி, அக்கா ஆகிய மூவரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்திருக்கிறேன். இதில் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். எரிவாயு சிலிண்டர் வந்தபோது, கொடுப்பதற்குக் கேட்கும் ரகசிய எண் என் போனுக்கு வந்திருக்கிறது; அது தலையணைக்கு அடியில் ஊமையாகக் கிடந்தது. சிலிண்டர் வாசல் வரை வந்து திரும்பிப் போனது. அன்றே பதிவை மனைவியின் எண்ணுக்கு மாற்றினேன். இரவு வேலைக்குப் போகிற எல்லாரும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய காரியம் இது. அழைப்பு மணியின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். வங்கி, ரேஷன் கடை என்றால் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, படுக்கப் போகும் முன் முடித்துவிடுங்கள். தூக்கத்தை நடுவில் வெட்டி எழுந்து போனால் அன்றைய தூக்கம் அவ்வளவுதான்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை மின் நிறுத்தம் என்று செய்தித்தாளில் பகுதி வாரியாக அறிவிப்பு வரும். எனக்காகவே நேரம் குறித்தது போலிருக்கும். அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, அன்று கடைப் பரணில் படுத்துவிடுவேன். ஆடி மாத ஞாயிறுகளிலும் அதே பரண்தான். தெருமுனையில் குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் எந்த மின்விசிறி இரைச்சலும் நிற்காது.

சாப்பாடு. இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலேயே முழுச் சாப்பாடு. ஒரு மணிக்கு இட்லி மூன்று, அதோடு சரி. சந்தையைச் சுற்றி இரண்டு மணிக்கும் பரோட்டா மணக்கும். அதைத் தின்றுவிட்டு நாலு மணிக்கு நெஞ்செரிச்சலோடு கூட்டல் போட்டுப் பாருங்கள், புரியும். காலையில் படுக்கும் முன் ஒரு கிண்ணம் தயிர்சாதம், இல்லையென்றால் பசியே எழுப்பிவிடும். தேநீரை மூன்று மணியோடு நிறுத்திவிடுகிறேன். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்தரைக்கு ஒன்று குடித்தால், பத்தரைக்கும் அரைத் தேநீர் உடம்பில் விழித்திருக்கும். மூன்றுக்குப் பிறகு சுக்கு மல்லிக் காபி. தூக்கம் வரவேண்டும் என்று காலையில் மது குடித்துவிட்டுப் படுக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்களையும் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் தூங்கிவிடுகிறார்கள், மூன்று மணி நேரத்தில் நாக்கு வறண்டு எழுந்தும்விடுகிறார்கள்.

எத்தனை ஒழுங்காக இருந்தாலும் மூன்றிலிருந்து ஐந்து மணி வரை மூளை மங்கும். உடம்புச் சூடு மிகவும் இறங்கும் நேரம் அது. 104 பெட்டி இறங்கியதை நான் 140 என்று எழுதியது அந்த நேரத்தில்தான். முப்பத்தாறு பெட்டித் தக்காளிக்கு விவசாயிக்குப் பணம் போய், திரும்பி வாங்குவதற்குள் முதலாளியிடம் நான் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. இப்போது அந்த இரண்டு மணி நேரத்தில் எழுதும் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி எழுதுகிறேன்; லோடு இறக்குபவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

விடுமுறை நாள்தான் எல்லாரையும் கவிழ்க்கிறது. ஒரு இரவு ஆசையாகத் தூங்கிவிட்டால் மறுநாளிலிருந்து பழைய பாடு. நான் பாதி வழியில் நிற்கிறேன்: விடுமுறை இரவில் மூன்றரை மணி வரை விழித்திருந்து, பத்தரை வரை தூங்குவேன். பக்கம் மாறுவது எத்தனை கடினம் என்பது 2020 மே மாதம் தெரிந்தது. கொரோனாவால் சந்தையை மூடி, திருமழிசைக்கு மாற்றினார்கள். எங்கள் முதலாளி அங்கே கடை போடவில்லை. செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு மறுபடி திறக்கும்வரை வீட்டில் இருந்தேன். முதல் பத்து நாட்கள் நடுராத்திரி இரண்டு மணிக்கு அடுக்களையில் பருப்பு டப்பாக்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

உடம்பைக் கவனிக்க வேண்டும், இதைப் பூசி மெழுக மாட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அங்கேயே வைத்தது. வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை, ரத்த அழுத்தம், வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். ரத்தம் கொடுக்கப் போனபோது “வெறும் வயிறுதானே?” என்று கேட்டார்கள். “ஆமாம், விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை” என்றேன். நாலு மணிக்கு, அன்று பார்த்து, சர்க்கரை போட்ட தேநீர் குடித்திருந்தேன். முடிவைப் பார்த்து வீடே பயந்தது. மாத்திரை எழுதும் மருத்துவரிடமும் “காலை, இரவு” என்று இல்லாமல் மணிக்கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். நம் காலை எது என்று அவருக்குத் தெரியாது.

உறவு விட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: அதிகாலை முகூர்த்தம் நமக்காகவே வைத்தது போன்றது. கடையிலேயே குளித்து, பையில் கொண்டுபோன பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஐந்தரை மணி முகூர்த்தத்துக்குக் கண் வீங்காமல் போய் நிற்பவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். சம்மதம் வாங்க வேண்டியது முதலாளியிடம் மட்டும். பந்தியில் பொங்கலை மட்டும் அளவாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இத்தனை ஏற்பாடும் வேண்டாம். மழை இருட்டு ஜன்னலில் நிற்கும், கீரைக்காரம்மா வரமாட்டார், தகரக் கூரையில் விழும் மழையே மின்விசிறியின் வேலையைப் பார்த்துவிடும். தெர்மாகோல் அட்டையைக் கழற்றி வைத்துவிடுவேன். என்ன, அந்த மாதங்களில் லாரிகள் தாமதமாக வரும். வீட்டுக்கு வந்து சேரவே பத்தரை ஆகிவிடுகிறது.